கனமும் பாரமும்

இவ்வாரத் தியானப் பகுதி: யாத்திராகமம் 20:12, மாற்கு 7:9–13

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாரே,



வீடு சந்திப்புக்குச் செல்லும்போது முதியவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்கும் ஜெபம் எது என்று உங்களுக்குத் தெரியுமா? மூட்டு வலி நீங்கவோ கண் பார்வை தெளியவோ கேட்பவர்கள் உண்டு. ஆனால் அவற்றைக் காட்டிலும் அதிகமாக நான் கேட்பது வேறொன்று. பிள்ளைகள் அருகில் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லுவார்கள்: "ஐயா, ஆண்டவர் என்னைச் சீக்கிரம் எடுத்துக்கிடணும்னு ஜெபம் பண்ணுங்க. பிள்ளைகளுக்குப் பாரமா இருக்கேன்."

இராஜபாளையத்திலும் இதைக் கேட்டிருக்கிறேன், ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கேட்டிருக்கிறேன். ஓட்டு வீட்டிலும் கேட்டேன், மாடி வீட்டிலும் கேட்டேன். அந்த ஜெபத்தை நான் ஒருநாளும் ஏறெடுத்ததில்லை. ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் 'பாரம்' என்ற சொல் என்னை விடுவதில்லை. இவ்வாரம் அந்தச் சொல்லைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன்.

பத்துக் கற்பனைகளில் ஐந்தாவது, தகப்பனையும் தாயையும் கனம்பண்ணும்படி நமக்குக் கட்டளையிடுகிறது. 'கனம்' என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு: ஒன்று மரியாதை, மற்றொன்று எடை. இந்த இரட்டைப் பொருள் எபிரெய மொழியிலும் இருப்பதை இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில் கண்டு வியந்தேன். கனம்பண்ணு என்பதற்கு மூலத்தில் உள்ள சொல்லின் வேர், 'எடையுள்ளதாக இருத்தல்' என்று பொருள்படும். தேவனுடைய மகிமையைக் குறிக்கும் 'காபோத்' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. ஆகவே பெற்றோரைக் கனம்பண்ணுவது என்பது, அவர்களை எடையுள்ளவர்களாக எண்ணுவது. நம் நேரத்திலும் பணத்திலும் முடிவுகளிலும் அவர்களுக்குரிய எடையை அவர்களுக்குக் கொடுப்பது.

கனம் என்றாலும் எடைதான், பாரம் என்றாலும் எடைதான். வயது முதிர்ந்த தாய் தகப்பனைத் தாங்குவதில் எடை இருக்கிறது என்பதை வேதம் மறைக்கவில்லை. அந்த எடையைக் கனம் என்று ஏற்கிறோமா, பாரம் என்று இறக்கிவைக்கப் பார்க்கிறோமா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஞாயிறு பள்ளியில் சிறுபிள்ளைகளுக்கு இந்தக் கற்பனையை மனப்பாடமாகக் கற்றுக்கொடுத்து, அது அவர்களுக்கு மட்டுமே உரியது என்பதுபோல் நாம் நடந்துகொள்கிறோம். ஆனால் சீனாய் மலையடிவாரத்தில் நின்ற ஜனத்தில் பிள்ளை குட்டிகளைப் பெற்ற ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். அவர்களில் பலருக்குத் தள்ளாடும் பெற்றோரும் இருந்திருப்பார்கள். வனாந்தரப் பயணத்தில் வேகமாக நடக்க முடியாதவர்களை என்ன செய்வது என்பது அவர்களுக்கு அன்றாடக் கேள்வி. பெற்றோர் சொல் கேட்டு நடக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லும் இந்தக் கற்பனை, பெற்றோரைத் தாங்கும்படி வளர்ந்தவர்களாகிய நமக்கும் சொல்லப்பட்டது.

பிரியமானவர்களே, நம் பெற்றோர் நமக்காகச் சுமந்தது எவ்வளவு என்பதை நம் ஊர்களை வைத்தே எண்ணிப் பாருங்கள். இராஜபாளையத்தில் 1936-ஆம் ஆண்டு பி. ஏ. சி. இராமசாமி ராஜா முதல் பஞ்சாலையைத் தொடங்கினார். அதன்பின் ஆலைகள் பெருகின. ஆலைச் சங்கின் ஒலியே இந்த ஊரின் கடிகாரமாயிற்று. நம் சபையில் வெள்ளைச் சேலை உடுத்தி முன்வரிசையில் அமரும் தாய்மார் பலர் அந்தச் சங்கொலிக்கு எழுந்தவர்கள். நூற்பு இயந்திர வரிசைகளுக்கு நடுவே, அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே எட்டு மணி நேரம் நடந்தவர்கள். இரவு ஷிப்ட் முடிந்து பஞ்சு படிந்த தலையோடு வீடு வந்து, உறங்காமல் உலை வைத்து, நம்மைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பிறகு கண்ணயர்ந்தவர்கள்.

அருகிலுள்ள சத்திரப்பட்டியைப் பாருங்கள். காயங்களுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி அங்கு நெய்யப்பட்டு நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. விசைத்தறியின் ஓயாத சத்தத்தில் செவித்திறனை இழந்த தகப்பன்மார் அங்கே உண்டு. இன்று தொலைபேசியில் மகன் பேசுவது அவர்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. "எத்தனை தடவை சொல்றது?" என்று மகன் சலித்துக்கொள்கிறான். அந்தச் செவி எதனால் மந்தமாயிற்று என்பதையும், தன் கல்விக் கட்டணம் எந்தச் சத்தத்திலிருந்து வந்தது என்பதையும் அவன் அப்போது நினைப்பதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் மகிழ்ந்தோம். விறகடுப்பின் அனலுக்கு முன் நின்று, பால் அடிபிடிக்காதபடி கைவிடாமல் கிண்டும் உழைப்பு அந்த இனிப்பின் பின்னால் இருக்கிறது. பிள்ளை வளர்ப்பும் ஏறக்குறைய அப்படித்தான். கையை எடுத்தால் கெட்டுவிடும் என்ற பயத்தோடு, ஆண்டுக்கணக்கில் அனலுக்கு முன் நின்ற கைகள் அவை.

இந்தத் தியாகங்களை அவர்கள் கணக்கெழுதி வைக்கவில்லை. வைக்காதது மட்டுமல்ல, நம்மிடமிருந்து மறைத்தும் வைத்தார்கள். "நான் அப்பவே சாப்பிட்டுட்டேன், நீ சாப்பிடு" என்ற பொய்யை நம்மில் எத்தனை பேர் கேட்டு வளர்ந்தோம்! அந்தப் பொய்யை அன்று நாம் நம்பியது பிழையன்று; நாம் குழந்தைகள். ஆனால் இன்று அதே தாய், "எனக்கு ஒன்றும் வேண்டாம், நீங்கள் நன்றாயிருந்தால் போதும்" என்று சொல்லும்போது, ஐம்பது வயதிலும் அதை அப்படியே நம்பிவிடுகிறோம். நமக்கு வசதியாக இருப்பதால் நம்புகிறோம். இது பிழை.

இங்கே கசப்பான ஓர் உண்மையையும் நான் சொல்லியாக வேண்டும். 'தலைக்கூத்தல்' என்ற சொல்லை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. வயது முதிர்ந்து படுக்கையில் கிடக்கும் பெற்றோரின் உயிரைச் சொந்தக் குடும்பத்தாரே முடித்துவைக்கும் கொடுமை அது. 2010-ஆம் ஆண்டு இதைக் குறித்த செய்திகள் நாடெங்கும் வெளிவந்தபோது, நம் விருதுநகர் மாவட்டத்தின் பெயர் அவற்றோடு சேர்ந்து வந்தது. இதையே கருவாகக் கொண்டு பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய திரைப்படம், 2019-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்த் திரைப்படமாகத் தெரிவு செய்யப்பட்டது. அந்தப் படத்தின் பெயர் என்ன தெரியுமா? 'பாரம்.'

தலைக்கூத்தல் என்பது தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதைக் குறிக்கும் சொல். நம்மைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கண்ணில் நீர் படாதபடி நெற்றியில் கையை அணைகொடுத்துக் குளிப்பாட்டியது யார்? அன்பின் முதல் செயலாக இருந்த ஒன்றே கடைசியில் கொலையின் பெயராக மாறியிருக்கிறதே! வறுமையாலும் பராமரிக்க ஆளில்லாத நிலையாலும் இது நடந்தது என்று சொல்லுவார்கள். வறுமையை நான் அறிவேன். அதன் நெருக்கத்தில் இருப்பவர்களை உயரத்தில் நின்று தீர்ப்பளிக்க மாட்டேன். ஆனால் ஒன்று நிச்சயம். ஒரு வீட்டில் பெற்றோருக்குப் 'பாரம்' என்று பெயர் வைக்கப்பட்ட நாளிலேயே அந்தக் கொடுமை தொடங்கிவிடுகிறது. கையால் செய்யாதவர்களும் சொல்லால் செய்கிறோம். மௌனத்தாலும் செய்கிறோம்.

"ஐயா, நாம் விசுவாசிகள், இதெல்லாம் நம் வீடுகளில் இல்லை" என்று நீங்கள் சொல்லலாம். அதனால்தான் மாற்கு 7-ஆம் அதிகாரத்தை உங்கள் முன் வைக்கிறேன். அங்கே நம் ஆண்டவர் பேசியது பக்தியில்லாதவர்களிடம் அன்று; பக்தியுள்ளவர்களிடம். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று அறிவித்துவிட்டால் அதற்குப்பின் தாய் தகப்பனுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று அக்காலத்து மதத் தலைவர்கள் கற்பித்தார்கள். பக்தியின் பெயராலேயே தேவனுடைய வார்த்தையை அவமாக்கினீர்கள் என்று இயேசு அவர்களைக் கடிந்துகொண்டார். ஆலயத்திற்குக் கொடுப்பதைக் காட்டி வீட்டில் கொடுக்காமல் இருப்பதை அவர் ஏற்கவில்லை.

இந்த வசனத்தின் முன் முதலில் குற்றவாளியாக நிற்பவன் நான். என் தாயார் விசைத்தறியில் வேலை செய்து என்னைப் படிக்கவைத்தவர்கள். நான் இளம் ஆயராக இருந்த காலத்தில் அவர்களுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. "அன்னைக்கு உன்னால வர முடியுமாப்பா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார்கள். அந்த வாரம் வேறோர் ஊரில் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டங்களில் நான் பிரசங்கிக்க ஒப்புக்கொண்டிருந்தேன். தயங்கினேன். உடனே அவர்களே, "ஊழியந்தான் முக்கியம், நீ அதைப் பாரு. தங்கச்சி கூட இருக்கா" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு எவ்வளவு நிம்மதியாயிற்று! நான் போகாததைக் காட்டிலும் அந்த நிம்மதிக்காகவே இன்று அதிகமாக மனஸ்தாபப்படுகிறேன். கட்டு அவிழ்த்ததும் அவர்கள் முதலில் தேடியது யாரை என்று என் தங்கை எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் ஊழியமே எனக்குக் கொர்பானாயிற்று.

ஆகையால் சபையாரே, உங்கள் ஆயராக ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். உங்கள் தாய்க்கு மருந்து வாங்க வேண்டிய பணம் ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் வர வேண்டாம். கட்டட நிதி குறைந்தாலும் குறையட்டும். நம் ஆலயத்து மின்விசிறி இறக்கைகளில் மறைந்த பெற்றோரின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறோம். அன்பினால் கொடுத்தவை அவை. நான் குறை கூறவில்லை. ஆனாலும் அவற்றின் கீழே அமரும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்: இவர்கள் கடைசி நாட்களில் படுத்திருந்த அறையில் மின்விசிறி ஓடியதா? கல்லறைக்குப் பளிங்கு போடுவதைக் காட்டிலும், வழுக்காத தரையுள்ள ஒரு குளியலறை உயிரோடிருக்கும் தகப்பனுக்குப் பெரிய கனம். நன்றி என்பது நினைவு ஆராதனையில் வாசிக்கும் கட்டுரையாக மட்டும் முடிந்துவிடக் கூடாது. அதைக் கேட்க வேண்டியவர் அப்போது அங்கே இருப்பதில்லை.

சவுலுக்குத் தப்பி அதுல்லாம் குகையில் ஒளிந்திருந்த தாவீது, தன் உயிரே ஊசலாடிய நேரத்தில், மோவாபின் ராஜாவிடம் போய்த் தன் தாய் தகப்பனுக்கு அடைக்கலம் கேட்டதை 1 சாமுவேல் 22-இல் வாசிக்கிறோம். 'என் நிலைமை சரியாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று அவன் தள்ளிவைக்கவில்லை. நம் ஆண்டவரோ சிலுவையில், உலகத்தின் பாவத்தையே சுமந்துகொண்டிருந்த வேளையில், தம் தாயை ஒரு சீஷனின் வீட்டில் ஒப்புவித்தார். மீட்பின் பணியைக் காரணம் காட்டி அவர் தாயை மறக்கவில்லை. அவரைக் காட்டிலும் முக்கியமான வேலை நம்மில் யாருக்கு இருக்கிறது?

அங்கே இன்னொன்றும் நடந்தது. பெறாத மகன் ஒருவன் அந்தத் தாய்க்கு மகனானான். பெற்றவர் மட்டுமே பெற்றோர் அல்லர் என்பதை நம் ஊரும் அறியும். துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த பெண் குழந்தையைத் தம் மகளாகவே வளர்த்த பெரியாழ்வாரை நம் அயலார் ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றளவும் போற்றுகிறார்கள். நம் நடுவிலும், தாய் வெளியூர் வேலைக்குப் போனதால் பாட்டியால் வளர்க்கப்பட்டவர்களும், திருமணமாகாத அத்தையால் படிக்கவைக்கப்பட்டவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் நன்றிக்கு அவர்களும் உரியவர்கள்.

"என் தகப்பன் எனக்கு எந்தத் தியாகமும் செய்யவில்லை. குடித்தார், அடித்தார், அம்மாவை அழவைத்தார்" என்று என்னிடம் கண்ணீரோடு சொன்னவர்கள் உண்டு. உங்கள் காயத்தை நான் சிறிதாக்க மாட்டேன். இல்லாத நன்றியை நடிக்கும்படி கர்த்தர் உங்களிடம் கேட்கவில்லை. கனம் என்பது புகழ்ச்சியும் அன்று, தீமைக்கு மறுபடியும் உட்படுவதும் அன்று. அவர் பசித்திருக்காமல் பார்த்துக்கொள்வதும், அவர் உங்களுக்குச் செய்ததை உங்கள் பிள்ளைகளுக்குச் செய்யாதிருப்பதும் போதுமான கனமே. மற்றதைக் கர்த்தரிடம் விட்டுவிடுங்கள்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. "என் தாயை நான் வைத்துப் பார்க்கிறேன்" என்று பெருமையாகச் சொல்கிறோம். இரவில் எழுந்து படுக்கைத் துணியை மாற்றுவது யார்? பெரும்பாலும் மருமகள். தன் தாய்க்குரிய கடனை மனைவியின் கையால் செலுத்திவிட்டு, நல்ல மகன் என்ற பெயரைத் தான் வாங்கிக்கொள்வது நியாயமா? அந்தப் பெண்ணுக்கும் ஒரு தாய் எங்கோ காத்திருக்கிறாள் என்பதை மறவாதீர்கள்.

சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்துகொண்டு இதை வாசிக்கும் பிள்ளைகளே, பிழைப்பிற்காகப் போன உங்களை நான் குற்றப்படுத்தவில்லை. பலரை அனுப்பிவைத்ததே உங்கள் பெற்றோர்தான். பணம் அனுப்புகிறீர்கள், நன்று. அதோடு வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், அவசரமில்லாமல் பேசுங்கள். "சாப்பிட்டாச்சா?" என்பதோடு நிறுத்தாமல் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். உண்மை இரண்டாவது கேள்வியில்தான் வெளிவரும்.

கைவிடப்பட்ட பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்களின் பராமரிப்புக்கென 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தால், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்கும்படி பிள்ளைகளுக்கு உத்தரவிட முடியும். வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிக்கொடுப்பதானால், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அது மீறப்பட்டால் பத்திரம் செல்லாது என அறிவிக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. 14567 என்ற உதவி எண்ணும் உண்டு. இதைக் கேட்பது விசுவாசக் குறைவும் அன்று, குடும்பத்திற்கு அவமானமும் அன்று. மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருப்பதால், வயதானவர்கள் பத்திரக் கட்டுகளோடு அந்த வாசலில் காத்திருப்பதை நாம் காண்கிறோம். அவர்கள் அங்கே போகும் முன்பே நாம் அவர்கள் வீட்டிற்குப் போயிருக்க வேண்டும் என்பதே என் துக்கம்.

உண்மையிலேயே தாங்க முடியாத குடும்பங்களும் நம் நடுவில் உண்டு. கூலி வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். போனால் படுக்கையில் இருப்பவரைப் பார்க்க ஆளில்லை. அவர்களிடம் ஐந்தாம் கற்பனையை மட்டும் வாசித்துவிட்டு வருவது இரக்கமற்ற செயல். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி கலாத்தியர் 6-இல் பவுல் எழுதியது இதற்காகத்தான். சபையில் சிலர் முறைவைத்து, வாரத்தில் ஓரிரு மதிய வேளைகள் அப்படிப்பட்ட வீடுகளில் போய் இருந்தால், பராமரிப்பவர் வேலைக்குப் போகலாம், அல்லது சற்றே உறங்கலாம். வருகிற ஞாயிறு ஆராதனைக்குப்பின் இதற்கென ஒரு நோட்டு ஆலய வாசலில் இருக்கும். முதல் பெயராக என் பெயரை எழுதியிருப்பேன்.

அதற்கு முன், இந்த வாரத்திலேயே ஒன்று செய்யுங்கள். உங்கள் தாயிடமோ தகப்பனிடமோ போய் அமர்ந்து, உங்களை வளர்த்த நாட்களில் அவர்கள் உங்களிடம் மறைத்த ஒரு கஷ்டத்தைக் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கு இப்போ" என்பார்கள். எழுந்து போய்விடாதீர்கள். மறுபடியும் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடித்தபின், "நீங்கள் எனக்குப் பாரமல்ல" என்று வாய் திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காகவே எத்தனையோ பேர் இரவில் விழித்திருக்கிறார்கள். இனி நான் வீடு சந்திப்புக்கு வரும்போது, அவர்கள் குரலைத் தாழ்த்தி என்னிடம் வேறொரு ஜெபத்தைக் கேட்கட்டும்.

ஜெபம்: பரம பிதாவே, எங்களைச் சுமந்த கைகளுக்காக உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் அலட்சியத்தையும், பக்தியின் பெயரால் நாங்கள் சொன்ன சாக்குப்போக்குகளையும் மன்னியும். அவர்களைத் தாங்க எங்களுக்குப் பெலன் தாரும். தாங்க முடியாதவர்களுக்கு எங்களைத் துணையாக அனுப்பும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்